கடலே இல்லாத வீட்டில் கடலோரப் பாணி: வேஷமா, வேலைக்கு ஆகுமா?

ஜனவரி 8, மாலை (கேள்வி)

எங்கள் வீட்டு ஹாலைக் கடலோரப் பாணிக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு மாதமாகப் பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடித் தொட்டிதான் தெரிகிறது, அலை எங்கே இருக்கிறது? கடல் இல்லாத இடத்தில் சங்கையும் நங்கூரத்தையும் மாட்டி வைப்பது வேஷம் கட்டுவது என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள், அதிலும் செய்து பார்த்து அதோடு சில வருடம் குடியிருந்தவர்கள், சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு

நான் செய்து பார்த்தவள். ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் சொல்வது சரிதான், முதல் வருடம் முழுக்க வேஷம்தான் கட்டினேன். கயிறு சுற்றிய கண்ணாடி, மரத்தில் செய்த கப்பல் சுக்கான் சக்கரம், நங்கூரம் போட்ட குஷன் உறை நாலு, ஒரு குடுவை நிறைய மணல், அப்புறம் ‘கடற்கரைக்கு வழி’ என்று அம்புக்குறி போட்ட ஒரு பலகை. சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்த இடம் ஒன்றுதான், அங்கே மாட்டினால் அம்பு குளியலறையைக் காட்டியது. வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சாமான்களை எல்லாம் ஏறக்கட்டிய பிறகு மிச்சம் நின்றது எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜனவரி 9, காலை

விட்ட இடத்திலிருந்து. கடலோர வீடுகள் அப்படி இருப்பதற்கு ரசனையைவிடத் தொந்தரவுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வெயில் எந்தத் துணியையும் வெளுத்துவிடும், அதனால் முதலிலேயே வெளுத்த நிறமாக எடுக்கிறார்கள். காலோடு மணல் வருகிறது, தடித்த கம்பளம் போட்டால் அது மணலைத் தின்றுகொண்டு கிடக்கும், அதனால் பெருக்கித் தள்ளுகிற மாதிரி வெறும் தரை. காற்றில் எப்போதும் ஈரம், அதனால் காற்று புகுந்து போகிற பிரம்பு நாற்காலி, கழற்றித் துவைக்கிற பருத்தி உறை. இதற்கெல்லாம் சன்னலில் கடல் தெரிய வேண்டுமா என்ன? வெயில், தூசி, வியர்வை எல்லார் வீட்டிலும் உண்டு. என் கணக்கு இவ்வளவுதான்: கடலைப் படம் போட்டுக் காட்டுகிற பொருளை விட்டுவிட்டு, கடலோடு மல்லுக்கட்டிப் பழகிய பொருளை எடுங்கள்.

ஜனவரி 9, ஒரு மணி நேரம் கழித்து

வெள்ளை பெயின்ட் பற்றி ஓர் எச்சரிக்கை, இது நான் செய்த பெரிய தப்பு. பெயின்ட் கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருவார்கள். சுவரில் விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்ற கணக்கு. அட்டக்கரி என்றால் 0, முழு வெள்ளை 100. எண் ஏற ஏற அறை பளிச்சென்று ஆகும் என்று நம்பி, 90 பக்கம் இருப்பதாகத் தேடி, அதிலும் லேசாக நீலம் ஓடுகிற வெள்ளையை வாங்கினேன். கடல் அல்லவா, நீலம் இருக்கட்டும் என்று. எங்கள் ஹாலில் நேர் வெயில் விழாது. அப்படிப்பட்ட அறைக்குள் வருவது வானத்திலிருந்து சிதறி வருகிற வெளிச்சம், அதுவே நீலம் கலந்தது. இரண்டு நீலமும் சேர்ந்து, ஃபிரிட்ஜுக்குள் சோபா போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. எண் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, திருப்பி அனுப்ப முதலில் வெளிச்சம் வந்து விழ வேண்டுமே! அடுத்த முறை மணல் நிறம் லேசாக ஓடுகிற வெள்ளை அடித்தோம், எண் 80 சொச்சம்தான், கண்ணுக்கு அறை முன்னைவிட விரிந்து தெரிந்தது.

கைக்கடக்கமான நிற மாதிரி அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய கெட்டித்தாளில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும், சுவருக்குச் சுவர் மாற்றி ஒட்டி, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை பாருங்கள்.

ஜனவரி 11

விளக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். 6500 கெல்வின் பல்பை, அதாவது நீலம் ஓடுகிற வெள்ளை வெளிச்சத்தை, போட்டுக்கொண்டு பெயின்ட் கடைக்காரரைத் திட்டாதீர்கள். மஞ்சள் கலந்த 2700, அதிகம் போனால் 3000. உச்சியில் ஒற்றை விளக்குக்குப் பதில் தாழ்வாக இரண்டு மூன்று. இதை மாற்றியதும்தான் அந்த ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் பாதி பல்பின் வேலை என்று தெரிந்தது, மறுபடி பெயின்ட் அடித்த பிறகுதான் மாற்றினேன் என்பது என் புத்திசாலித்தனம்.

ஜனவரி 15

ஒரு சுவரை மட்டும் நீலமாக விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். நான் விட்ட விதத்தில் வேண்டாம்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் ஓர் ஆழம் இருக்கும், மேகம் மாதிரி திட்டுத்திட்டாக. பெயின்டில் அது வராது. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகுகிறது, ஈரமாக இருக்கும்போது சுவர் தெரியும், காயக் காயத்தான் வெண்மை எழும். அதில் நீலம் கலந்தால் அலை மாதிரி வரும் என்று ஆசை. கைக்குக் கிடைத்த நீலப் பொடியைக் கலந்தேன், அது பிரஷ்யன் நீலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த நிறம், அருமையான நிறம், ஆனால் உள்ளே இருப்பது இரும்புச் சேர்மம். சுண்ணாம்பின் காரம் பட்டால் உடைந்து துரு நிறத்தில் போய் நிற்கும். இது எனக்குச் சுவர் காய்ந்த பிறகு தெரிந்தது. நடுக்கடல் கேட்டேன், கழிமுகம் கிடைத்தது.

சுண்ணாம்போடு சண்டை போடாத நீலம் அல்ட்ராமரைன். அதற்கு அமிலம்தான் ஆகாது, காரம் ஒன்றும் செய்யாது. வாங்கும்போது ‘சுண்ணாம்புக்கு ஆகுமா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜனவரி 16

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சுவர் பூச்சு வேலை தெரிந்த ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: பழைய பிளாஸ்டிக் எமல்ஷன் மேல் சுண்ணாம்பு அடித்தாயா? ஆமாம், அடித்தேன். சுண்ணாம்பு உறிஞ்சுகிற பரப்பில்தான் பிடிக்கும், பூச்சோ செங்கல்லோ, பிளாஸ்டிக் தோலின் மேல் உட்காராது. நிறம் மாறியதோடு ஆறு மாதத்தில் செதில் செதிலாக உதிரவும் செய்தது, அதற்கும் சேர்த்து நீலப் பொடியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பொடியின் பாவக்கணக்கில் பாதியைக் கழித்துவிடுங்கள்.

ஜனவரி 22

திரைச்சீலை. இங்கே மட்டும் காசைப் பார்க்காதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் பாருங்கள். மெல்லிய லினன் அல்லது சாயம் ஏற்றாத பருத்தி. கம்பியைச் சன்னல் சட்டத்துக்கு மேலேயே அடிக்காமல் கூரையை ஒட்டி அடியுங்கள், இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளமாக விடுங்கள், அப்போது சீலையை ஒதுக்கினால் முழுச் சன்னலும் வெளிச்சத்துக்கு. கடலோர வீட்டில் தண்ணீரும் மணலும் வெளிச்சத்தைக் கீழிருந்தும் தூக்கிக் கொடுக்கும், நமக்கு அது கிடையாது, இருக்கிற சன்னலை மறைக்காமலாவது இருக்கலாமே.

லினனைத் தைப்பதற்கு முன் துவைத்துவிடுங்கள். நான் துவைக்காமல் தைத்தேன், தரையைத் தொட்டு நின்ற சீலை முதல் துவையலில் நாலு விரற்கடை மேலே ஏறிவிட்டது, வளர்ந்த பையனின் பழைய பேன்ட் மாதிரி. அழாத குறை. கடைசியில் அடியில் கருநீலத் துணியில் ஒரு பட்டை சேர்த்துத் தைத்தேன். ஆறு வருடத்தில் எங்கள் ஹாலைப் பார்த்தவர்கள் மெனக்கெட்டுப் பாராட்டியது அந்த ஒட்டுப்போட்ட சீலையைத்தான். திட்டம் போட்டுச் செய்த எதையும் யாரும் பாராட்டவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 23

கோடு போட்ட துணி எடுப்பதானால் மாலுமிச் சட்டைக் கோட்டைப் பாருங்கள். பிரெஞ்சுக் கடற்படை 1858இல் ஆணை போட்டு வைத்த கணக்கு அது, நீலமும் வெள்ளையும் சம அகலம்.

ஜனவரி 25

சம அகலம் என்று எழுதியது தப்பு, தலையில் குட்டிக்கொண்டேன். அந்த ஆணையில் வெள்ளைப் பட்டை 21, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். நீலப் பட்டை 20 அல்லது 21, ஒவ்வொன்றும் 10. வெள்ளை இரண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு. இந்த வித்தியாசம்தான் விஷயமே. சம அகலத்தில் போட்டால் கண் கூசும், வெயில் காலத்து நடைபாதைக் கூடாரம் மாதிரி ஆகிவிடும். நான் முதலில் வாங்கிய சோபா உறை அப்படித்தான் இருந்தது, அதனால்தான் மனசில் சமம் என்றே பதிந்திருக்கிறது போல. அறை முழுக்கவே இந்த இரண்டுக்கு ஒன்று பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அறைக்கு நீலம் ஒரு பங்குகூட அதிகம். ஐந்தில் ஒன்று?

பிப்ரவரி 2

தரை விரிப்பு. சணல் விரிப்பு படத்தில் அழகாக இருக்கும், புதிதில் வீட்டிலும் அழகாக இருக்கும். அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டட்டும், அப்புறம் பாருங்கள். ஈரம் ஏறிய சணல் பலம் இழக்கும், காயும்போது பழுப்பு வளையம் விடும், அலசித் துவைக்க வழியில்லை, கீழே தூள் தூளாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். கற்றாழை நார் விரிப்பு முரட்டுத்தனமாக உழைக்கும், ஆனால் அதுவும் தண்ணீர்க் கறையை மன்னிக்காது. கடற்புல் விரிப்பு வழவழப்பு, மேல்தோல் சுலபத்தில் எதையும் உள்ளே விடாது, அதனால் சாயமும் சரியாக ஏறாது, அதன் பச்சை கலந்த வைக்கோல் நிறத்தோடு நீங்கள்தான் ஒத்துப்போக வேண்டும். தேங்காய் நார் உப்புத் தண்ணீருக்கே அசராது, கப்பல் கயிறே அதில் திரித்தார்கள், ஆனால் வெறுங்காலில் நடந்தால் பாதம் பேசும், வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கிடப்பது தட்டை நெசவுப் பருத்தி விரிப்பு. உதறலாம், துவைக்கலாம், இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம்.

பிப்ரவரி 3

பூனை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அப்படியானால் கற்றாழை நார் வேண்டவே வேண்டாம். பூனை நகம் தீட்டுவதற்கென்றே விற்கிற கட்டைகளில் சுற்றியிருப்பது அதே நார்தான்.

பிப்ரவரி 5

பழைய மேசையைக் கடற்காற்றில் அடிபட்டது போல் ஆக்குவது எப்படி என்று கேட்டவருக்கு. இருண்ட நிறம் ஒரு கோட், மேலே வெள்ளை ஒரு கோட், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. உப்பு என்று எங்கள் வீட்டில் கடலோடு சம்பந்தப்பட்டது அந்த ஒன்றுதான். தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள், நிஜத்தில் எங்கே தேயும்? கை படுகிற இழுப்பறை விளிம்பு, இடிபடுகிற முனை, கால் உதைக்கிற அடிக்கட்டை. என் கணவர் நடுப்பலகையைப் பிடித்து ஒரே சீராக, பொறுமையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தார். மேசைக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மேலே துணி விரித்து வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 10

சிப்பி, சங்கு. இதில் நான் சொல்வது சிலருக்குக் கசக்கும்.

குடுவையில் நிரப்புகிற சிப்பிகளில் கரையில் செத்து ஒதுங்கியவை எத்தனை, உயிரோடு பிடித்துச் சதையை எடுத்தவை எத்தனை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கீறல் இல்லாமல், நிறம் மங்காமல், ஒரே அளவில் நூறு கிடைத்தால் அலை கொண்டுவந்து போட்டிருக்காது. நட்சத்திர மீன் பெரும்பாலும் உயிரோடு எடுத்துக் காயவைத்தது. பவளப்பாறையும் இளஞ்சிவப்பு வாய் உள்ள பெரிய ராணிச் சங்கும் சைட்டிஸ் என்கிற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, ராணிச் சங்கு 1992 முதல். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகப் பொதுவாக அனுமதிச் சீட்டு வேண்டும். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லும்போது ‘அலங்காரத்துக்குத்தான்’ என்றால் எடுபடாது.

அப்புறம் ஒரு விசித்திரம். என்னிடம் இருந்த சிப்பிகளை மூடிய மரப்பெட்டியில் வைத்திருந்தேன், இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவு. பூசணம் என்று நினைத்துத் துடைத்தேன், மறுபடி வந்தது. இதற்குப் பெயரே இருக்கிறது, பைன் நோய். 1899இல் பைன் என்பவர் விவரித்தார், அவர் கிருமி என்று நினைத்தார், உண்மையில் மரத்திலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்து கசிகிற அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்பை அரிக்கிறது. காற்றோட்டமாகக் கண்ணாடித் தட்டில் வையுங்கள். அல்லது, என்னைக் கேட்டால், வைக்காதீர்கள்.

பிப்ரவரி 11

நேற்றைய பதிவு உபதேசம் மாதிரி இருக்கிறது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். சரி, பாவமன்னிப்புக்கு என் இன்னொரு கூத்து. அலை ஒதுக்கிய கட்டை ஒன்றைப் பயணத்தில் எடுத்து வந்து, அப்படியே சுவரில் ஆணி அடித்து அலமாரிப் பலகை ஆக்கினேன். மழை வந்தால் கட்டை வியர்க்கும். நிஜமாகவே. உள்ளே ஊறிய உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சுவரில் நீளமாக ஓர் ஈரத்தடம், ஆணி துருப்பிடித்து ஒரு நாள் இரவு கட்டை விழுந்து பூச்சாடி உடைந்தது. நல்ல தண்ணீரில் முங்கவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, இரண்டு வாரமாவது ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகுதான் வீட்டுக்குள் எடுத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 19

கடலுக்கு எதிரிலேயே குடியிருக்கிற ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு, ஜனவரி 9இல் நான் எழுதியது பாதிதான் தேறும் என்று ஆகிவிட்டது.

அவர் சொல்வது இது: நாங்கள் யாரும் வெள்ளைச் சோபா போடுவதில்லை, உப்புப் புழுதி படிந்து நாலு நாளில் சாம்பல் ஆகும். கடல் பக்கச் சன்னலைப் பகலில் பாதி மூடித்தான் வைத்திருப்போம், கண் கூசும். மரத்தை வெளுக்க விடுவதில்லை, வருடா வருடம் வார்னிஷ் அடிக்கிறோம். கீல், கொக்கி, திருகாணி எதைத் தொட்டாலும் துரு. எவர்சில்வர் என்று நம்பி வாங்கினால் அதிலும் பழுப்புப் புள்ளி.

கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். சாதாரண எவர்சில்வர் 304 ரகம், அதில் உப்பின் குளோரைடு குழி தோண்டும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ப்பதால் நன்றாகத் தாங்கும், கடலோரத்துக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். துரு பிடிக்காது என்று சத்தியம் செய்ய முடியாது, நல்ல தண்ணீரில் அடிக்கடி துடைக்க வேண்டும்.

மற்றதற்குப் பதில் இல்லை. அப்படியென்றால் நாம் கடலோரப் பாணி என்று சொல்வது கடலோரத்தில் குடியிருப்பவரின் வீடு இல்லை போலிருக்கிறது, விடுமுறைக்கு ஒரு வாரம் போய்த் தங்குகிறவர் பார்த்த வீடு. வெளுத்த மரமும் வெள்ளைத் துணியும் அடுத்த வாரம் வேறு யாரோ துவைப்பார்கள் என்ற தைரியத்தில் வருவது. பிரம்பும் வெறும் தரையும் துவைக்கிற உறையும் பற்றி நான் சொன்னது நிற்கும் என்று நினைக்கிறேன், அதை அவரும் மறுக்கவில்லை. வெளுத்த நிறம் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக இதுவே மனசில் ஓடுகிறது, ஒரு வீட்டு அலங்காரத்துக்கு இவ்வளவு யோசனை தேவையா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20

‘கப்பல் சாமான் வைத்து உருப்பட்ட வீடு ஒன்றாவது உண்டா’ என்று கேள்வி கேட்டவரே சீண்டியிருக்கிறார். உண்டு. தெற்கு பிரான்சில் ரோக்புரூன்-காப்-மார்த்தானில் ஐலீன் கிரே என்ற வடிவமைப்பாளர் 1926 முதல் 1929 வரை கட்டிய இ-1027. கடலைப் பார்த்த வீடு, கப்பல் மேல்தளத்தில் இருப்பது போன்ற கைப்பிடிக் கம்பிகள், சுவரில் கடல் வழி வரைபடம். அவர் வடிவமைத்த டிரான்சாட் நாற்காலி அட்லாண்டிக் கடக்கிற கப்பல்களின் தளத்து நாற்காலியிலிருந்து பிறந்தது. கவனித்தீர்களா, நாற்காலியின் மேல் நங்கூரம் வரையவில்லை, நாற்காலி எப்படிச் சாய்கிறது, துணி எப்படித் தொங்குகிறது என்பதைக் கப்பலிலிருந்து எடுத்தார். வரைபடம் மட்டும்தான் நேரடி அலங்காரம், அதுகூட வேலை செய்கிற பொருள்.

அந்த வீட்டில் 1938, 39இல் தங்கிய லெ கொர்பூசியே என்ற பிரபலக் கட்டடக் கலைஞர் கிரேயின் சம்மதம் இல்லாமல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டிவைத்தார். வந்து தங்குகிற உறவினர் ‘இந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறதே’ என்று ஆரம்பிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

மார்ச் 14

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. மணல் வெள்ளை அடித்து, சீலையும் பல்பும் மாற்றி, வேறு ஒன்றும் வாங்கவில்லை என்று, முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், சந்தோஷம். வெறும் சுவரில் என்ன மாட்டலாம் என்றால், கொஞ்ச நாள் ஒன்றும் மாட்டாதீர்கள். எந்த இடம் உறுத்துகிறது என்று சுவரே சொல்லும்.

அந்த அம்புக்குறிப் பலகை என்ன ஆயிற்று என்று மூன்று பேர் விசாரித்திருக்கிறீர்கள். பரணில் போட்டிருந்தேன், மகன் தேடி எடுத்துத் தன் அறைக் கதவில் மாட்டியிருக்கிறான். அந்தக் கதவிலிருந்தும் குளியலறையைத்தான் காட்டுகிறது.

ஏப்ரல் 2

பிரம்பு நாற்காலிப் பின்னல் தொய்ந்துபோனால் தூக்கிப் போட வேண்டுமா என்ற கேள்விக்கு: இழை அறுந்திருந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பின்ன வேண்டும். தொய்வு மட்டும் என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் பின்னலின் அடிப்பக்கத்தில் அரை மணி போட்டு வையுங்கள். மேல்பக்கம் வழவழவென்று தோல் இருக்கும், தண்ணீர் இறங்காது. நனைந்த நார் காயும்போது இறுகும். காய்கிறவரை யாரும் உட்காரக் கூடாது. என்னுடையது ஒன்று ஆறு வருடத்தில் தொட்டில் மாதிரி ஆகிவிட்டது, இப்போதுதான் துணி போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 3

உட்கார்ந்தேன். தாங்குகிறது. வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தொய்வு, இன்று இரவு இன்னொரு தடவை துணி போட வேண்டும்.